தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடை: கேள்விக்குப் பிறகே மாத்திரை

தங்கசாலையில் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் என் கண் அங்கே போய் நின்றுவிடும். அந்தக் கண், 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு மாத்திரை அட்டையில் 500க்குப் பதில் 300 என்று இருந்ததைப் பார்க்காமல் விட்டது.

என் மகளுக்கு 13 வயதில் வலிப்பு வந்தது. காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறும்; காபி டம்ளர் தெறித்து விழும். கவனக்குறைவு என்று அவளைத் திட்டியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் கூடத்திலேயே விழுந்து முழு வலிப்பு வந்தபோதுதான் ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சோடியம் வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று என்று தொடங்கி, எட்டு ஆண்டுகள் பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடின. அந்த ஆகஸ்டில், வழக்கமாக வாங்கும் கடை மூடியிருந்ததால் வேறொரு கடையில் வாங்கினேன். "அதே மருந்துதான் அம்மா, வேறு கம்பெனி" என்றார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நான்காம் நாள் காலை அவள் குளியலறையில் விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எதிர்வீட்டுத் தம்பி வந்து கதவை உடைத்தான். நெற்றியில் நான்கு தையல். ஸ்டான்லியில் பணியிலிருந்த இளம் மருத்துவர்தான் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 600தான் போயிருக்கிறது" என்றார்.

அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம். நான் எழுத வந்தது, அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த கடையைப் பற்றி. ஆறு ஆண்டுகளாக மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால், வடசென்னையில் எங்கே இருந்தாலும் ஒரு முறை பஸ் ஏறி வந்து பார்க்க வேண்டிய இடம் இது என்பது என் எண்ணம்.

இந்தக் கடையின் பெயரையும் போட வேண்டாம் என்று கடைக்காரப் பெரியவர் கேட்டுக்கொண்டார். கூட்டம் கூடினால் ஒவ்வொருவரிடமும் நின்று பேச முடியாது என்பது அவர் கவலை. அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் வரும் தெருக்களில் ஒன்றில், மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, பச்சைப் பலகையோடு இருக்கிறது. மில்லில் மிளகாய் அரைக்கும் நேரத்தில் போனால் தும்மிக்கொண்டேதான் மருந்து வாங்க வேண்டும். படி இரண்டும் உயரம். முதியவர்கள் கைப்பிடி இல்லாமல் சிரமப்படுகிறார்கள். காலை எட்டரை முதல் இரண்டு வரை, மாலை நான்கரை முதல் இரவு பத்து வரை திறந்திருக்கும். ஞாயிறு காலை மட்டும். மருந்தாளுநர் காலை பத்து முதல் இரவு எட்டு வரை இருப்பார். இந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் நான் மருந்துச்சீட்டை நீட்டியபோது அந்த மருந்தாளுநர் பெண் உடனே அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. "யாருக்கு அக்கா? கடைசியாக எப்போது வலிப்பு வந்தது? இதுவரை சாப்பிட்ட அட்டை கையில் இருக்கிறதா? வேறு எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறாளா?" என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். மகளின் நோயை ஊருக்கே சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தவர், கல்லாவின் ஓரத்துக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மகளின் பெயர், மருந்தின் பெயர், தயாரிக்கும் கம்பெனி, மில்லிகிராம், எழுதித் தந்த மருத்துவர், சீட்டின் தேதி, அடுத்து எப்போது தீரும் என்று எழுதி அகர வரிசையில் செருகி வைத்தார். நூலகத்தில் புத்தகத்துக்கு எழுதுவார்களே, அதுபோன்ற அட்டை. கணினியில் ரசீது போடுகிற கடைதான். ஆனால் வலிப்பு, இதயம், சர்க்கரை ஆகிய மூன்றுக்கும் இந்தக் கை எழுத்து அட்டையை அவர் விடுவதாக இல்லை. தீர வேண்டிய தேதி கடந்து மூன்று நாள் ஆகியும் நாம் போகவில்லை என்றால் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார். வியாபாரத்துக்காக அழைக்கிறார் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த அழைப்பின் மதிப்பு தெரியும்.

கம்பெனி விஷயத்தில் இந்தக் கடை கறார். ஒரே மருந்தாக இருந்தாலும், ஒரு கம்பெனியின் மாத்திரை உடம்பில் சேரும் அளவுக்கும் மற்றொன்றின் அளவுக்கும் சிறிய வேறுபாடு இருக்கலாம். தலைவலி மாத்திரையில் அது பொருட்டில்லை. ஃபெனிடோயின், கார்பமாசிபைன் போன்ற வலிப்பு மருந்துகளில் அந்தச் சிறிய வேறுபாடே ஒருவருக்கு வலிப்பாகவோ தள்ளாட்டமாகவோ வெளிப்படலாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013ஆம் ஆண்டிலேயே வலிப்பு மருந்துகளை மூன்று பிரிவாகப் பிரித்து, இவை இரண்டையும் ஒரே தயாரிப்பாகத் தொடர வேண்டிய முதல் பிரிவில் வைத்தது என்று மருந்தாளுநர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வால்புரோயேட் நடுப்பிரிவு. லெவிடிராசெட்டம் மூன்றாம் பிரிவு, அவ்வளவு கறார் தேவையில்லை. 2025 பிப்ரவரியில் தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்ட பிறகு பெரியவரே சிலரிடம், "ரத்த அழுத்த மாத்திரையை அங்கே வாங்குங்கள், விலை குறைவு" என்று அனுப்புவதைப் பார்த்தேன். ஃபிட்ஸ் மாத்திரையை அங்கே மாற்ற நினைப்பவர்களிடம், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், மாற்றினால் அதிலேயே நில்லுங்கள் என்கிறார். பணம் இல்லாமல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொருக்குப்பேட்டை அம்மா ஒருவரிடம், ஸ்டான்லியில் இலவசமாகவே தருகிறார்கள், பாதி மாத்திரையில் இழுத்தடிக்காதீர்கள் என்று சொல்லி, எந்தக் கட்டடம், எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். தன் வாடிக்கையாளரைத் தானே இன்னொரு இடத்துக்கு அனுப்புகிற வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

மாத்திரை அட்டையை இவர்கள் வெட்டும் விதத்தை மெய்ப்புத் திருத்துபவளாக நான் ரசிக்கிறேன். பத்து மாத்திரை அட்டையில் நான்கு மட்டும் கேட்டால், காலாவதித் தேதி அச்சிட்ட முனையைத் தொடாமல் மறுமுனையிலிருந்து வெட்டி, தேதியையும் தொகுதி எண்ணையும் காகித உறையின் மேல் எழுதித் தருகிறார்கள். ரசீது கேட்காமலே வருகிறது. அதிலும் இரண்டும் இருக்கும்.

தங்கசாலையில் ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டியை ஆசையாக வாங்கி, வாரத்துக்கான மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து அதில் அடுக்கி வைத்தேன். எங்கள் வீடு ராயபுரத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் இரும்பு ஜன்னலே பொரிந்து உதிரும் இடம். மூன்றாம் நாள் வால்புரோயேட் மாத்திரைகள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கடையில் கொண்டுபோய்க் காட்டியபோது, அந்த மருந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சாப்பிடும் நொடி வரை அட்டையைக் கிழிக்கக் கூடாது என்றார் மருந்தாளுநர். மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்ட சி.ஆர். வகையை இடிக்கவோ மெல்லவோ கூடாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. என் மாமியார் சில நாள் அதைப் பாலில் நுணுக்கிக் கொடுத்திருந்தார். பெட்டியை இப்போதும் வைத்திருக்கிறேன். அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, உறையோடு போட்டு வைக்கிறேன். அன்றைய அறை காலியா இல்லையா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது, "சாப்பிட்டாயா?" என்று இருபது வயது கடந்த பெண்ணை தினமும் கேட்டுப் புண்படுத்த வேண்டியதில்லை.

2022இல் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினோம். வழக்கம்போல் மாத்திரை வாங்கும்போது பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். மருந்தாளுநர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார். "மருத்துவரிடம் சொல்லிவிட்டீர்களா அக்கா? அவள் சாப்பிடுவது வால்புரோயேட்" என்றார். எனக்கு விளங்கவில்லை. கல்லாவின் ஓரத்தில் வைத்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கருவுற்ற பெண் அந்த மருந்தைச் சாப்பிட்டால், பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு முதுகுத் தண்டு போன்ற உறுப்புகளில் பிறவிக் குறை வரக்கூடும். பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியில் சிக்கல் வரக்கூடும். அதைச் சொல்லி முடித்த மறுநொடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயந்துபோய் நாளையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிட ஆபத்து. மருத்துவரைப் பார்த்து மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும்" என்றார்.

பதினோரு ஆண்டுகளாக எத்தனையோ சீட்டுகள் புதுப்பிக்கப்பட்டன. 13 வயதுச் சிறுமிக்கு எழுதிய மருந்து, 24 வயதுப் பெண்ணுக்கும் அப்படியே தொடர்ந்தது. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒரு மருந்துக்கடைக் கல்லாவில்தான் அந்தக் கேள்வி பிறந்தது. நரம்பியல் மருத்துவர் ஆறு மாதம் எடுத்துக்கொண்டு, வால்புரோயேட்டைப் படிப்படியாகக் குறைத்து லெவிடிராசெட்டத்தைப் படிப்படியாக ஏற்றினார். திருமணத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலமும் தொடங்கினார். அந்த ஆறு மாதமும் வாரா வாரம் அளவு மாறும். அட்டையில் வாரக் கணக்கைப் பென்சிலால் எழுதி, அந்த வாரத்துக்கு மட்டும் மாத்திரை தந்தார்கள், குழம்பிவிடக் கூடாது என்று. புது மருந்து தொடங்கியதும், "கோபம் அதிகமாக வருகிறதா? அழுகை வருகிறதா?" என்று மகளையே நேரில் கேட்டார் மருந்தாளுநர். வந்தது. அந்த மருந்து சிலருக்கு மனநிலையைக் கெடுக்கும் என்று முன்பே தெரிந்ததால், அதைப் பிடிவாதம் என்று நினைக்காமல் மருத்துவரிடம் சொன்னோம். சரிசெய்தார்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சம்பந்தி வீட்டில் எதையும் மறைக்கவில்லை. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய வழிவகுத்த சட்டப் பிரிவு 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்பது பலருக்கு இன்னமும் தெரியாது. "காக்காய் வலிப்பு" என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் சொல்ல நான் விடுவதில்லை. வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை மாப்பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இந்தக் கடையின் அரைத்தாள் துண்டுச் சீட்டிலிருந்துதான்.

அந்தத் துண்டுச் சீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை நிறைவாகாது. வலிப்பு மருந்து வாங்குபவர்களுக்கு முதல் முறை பையோடு சேர்த்துத் தரும் தமிழ்த் தாள் அது. நான் முதலில் பார்த்தபோது பிழைகள் இருந்தன. "மாத்திரை மறந்தால் அடுத்த வேளை சாப்பிடவும்" என்று இருந்தது. படிப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார்? மறந்ததை விட்டுவிடுவதா, இரண்டாகச் சாப்பிடுவதா? சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இப்போது இப்படி இருக்கிறது: "மறந்தது நினைவுக்கு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். ஒருபோதும் இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். சாப்பிட்டவுடன் வாந்தி எடுத்தால் மருத்துவரைக் கேளுங்கள்." வலிப்பு வந்தவரின் வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையில் சாவிக்கொத்தைத் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மென்மையாக ஏதாவது வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள்; ஐந்து நிமிடம் கடந்தால் 108 என்பது பின்பக்கம். சாவிக்கொத்து வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னது நான். எங்கள் தெருவில் இன்னமும் ஓடிவந்து இரும்பைத்தான் தேடுகிறார்கள்.

தாளில் இல்லாத ஒன்றை அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: தூக்கம். மகளுக்கு வந்த வலிப்புகளில் இரண்டு, கண் விழித்த இரவுக்கு மறுநாள் காலையில் வந்தவை. ஒன்று திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் சிவராத்திரிக்கு விழித்திருந்துவிட்டு வந்த காலை. மாத்திரையைச் சரியாகத்தான் சாப்பிட்டிருந்தாள்.

மருந்து தர மறுப்பதிலும் இந்தக் கடைக்குத் துணிச்சல் உண்டு. மகளுக்கு ஒரு முறை வயிற்றுப்போக்கு. எல்லோரும் கேட்பதுபோல் நானும் ஆஃப்லாக்ஸசின் கலந்த மாத்திரை நான்கு கேட்டேன். தரவில்லை. அந்த வகைக் கிருமிக்கொல்லிகள் வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டிவிடக்கூடும், உப்புச் சர்க்கரைப் பொடி மட்டும் தருகிறேன், மாலைக்குள் மருத்துவரைப் பாருங்கள் என்றார் மருந்தாளுநர். வயிற்றுப்போக்கே மாத்திரை உடம்பில் சேராமல் செய்யலாம் என்றும் எச்சரித்தார். டிரமடால் கலந்த வலி மாத்திரைக்கும் இதே பதில்தான். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவரே ஆனாலும், சொல்லும் முதல் வாக்கியம் "எனக்கு வலிப்பு மாத்திரை நடக்கிறது" என்பதாக இருக்க வேண்டும் என்பார்.

ஆனால் நான் மறக்க முடியாதது வேறு ஒருவருக்கு நடந்தது. சென்ற ஆண்டு ஒரு மாலை, காசிமேட்டில் வலை வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் வந்து வேர்க்குருவுக்குக் களிம்பு கேட்டான். சித்திரை வெயில்; கேட்பது இயல்புதான். மருந்தாளுநர் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார். மார்பு முழுவதும் சிவந்த தடிப்பு. உதட்டோரம் புண். கண்ணும் சிவந்திருந்தது. "புதிதாக ஏதாவது மாத்திரை?" வலிப்புக்காகக் கார்பமாசிபைன், தொடங்கி மூன்று வாரம். அவர் களிம்பைத் தொடவே இல்லை. தோலும் வாயும் உரிந்து உயிருக்கே உலைவைக்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற ஒவ்வாமை இப்படித்தான் தொடங்கும் என்று சொல்லி, இரவு வேளை மாத்திரையைப் போடாமல் இந்த நிமிடமே ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போ என்றார். அவன் "நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டும்" என்று தயங்கினான். பெரியவர் தெருவுக்கு இறங்கி ஆட்டோவை நிறுத்தினார். தன் கையால் பணம் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு அந்தப் பையனைக் கடையில் பார்த்தேன். மெலிந்திருந்தான். எந்த மருந்து தனக்கு ஆகாது என்று எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். மாத்திரையைத் தானாக நிறுத்தாதே என்ற விதிக்குள், தடிப்பு வந்தால் அன்றே ஓடு என்ற விதியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் கல்லாவில் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். நான்கு நாள் எந்தக் கடையும் இல்லை, மின்சாரம் இல்லை. ஐப்பசி பிறந்தால் வலிப்பு மாத்திரை கையிருப்பு பத்து நாளுக்குக் குறையக் கூடாது என்று இந்தக் கடையில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்கள். கெட்டி மூடி போட்ட டப்பாவில் பன்னிரண்டு நாள் மாத்திரையும் மருந்துச்சீட்டின் நகலும் பரண் மேல் இருந்தன. கடைக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. கீழ் அடுக்கு மருந்துகளைப் பெரியவர் விற்காமல் அப்படியே ஒதுக்கி அழித்தார் என்று பிறகு தெரிந்தது.

குறைகளும் இருக்கின்றன. மருந்தாளுநர் இருக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ஓர் இரவு ஒன்பது மணிக்குப் போனேன். கல்லாவில் இருந்த பையன் கை எழுத்து அட்டைகள் உள்ள பெட்டியைத் திறக்காமலே வேறு கம்பெனி மாத்திரையை எடுத்துப் பையில் போட்டான். இம்முறை என் கண் தவறவில்லை. மறுநாள் மாற்றித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அந்தப் பையனுக்குப் பயிற்சி போதாது என்பதைப் பெரியவரிடம் நேரடியாகவே சொன்னேன். மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் வலிப்பு மருந்தை விற்கவே கூடாது என்பது என் கருத்து. தள்ளுபடி பத்து சதவீதம்தான். பெரிய கடைகளிலும் கைபேசிச் செயலிகளிலும் இதைவிட அதிகம் கிடைக்கும். வீட்டுக்கு அனுப்பும் வசதி இல்லை. மிடாசோலம் மூக்குத் தெளிப்பான், அதாவது வலிப்பு நிற்காதபோது வீட்டில் இருப்பவர்களே பயன்படுத்துவது, எப்போதும் இருப்பில் இருக்காது. இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும். அது கூடுதல் கட்டுப்பாடுள்ள எச்1 பட்டியல் மருந்து என்பதால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே தருவார்கள். சீட்டு இல்லாமல் கேட்டுக் கெஞ்சாதீர்கள், கிடைக்காது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒன்று அந்த இரவு ஒன்பது மணிக்கானது.

மகள் திருமணமாகிப் பெரம்பூரில் இருக்கிறாள். சென்ற ஆண்டு கருவுற்றபோது, கர்ப்ப காலத்தில் உடம்பு லெவிடிராசெட்டத்தை வேகமாக வெளியேற்றும், ரத்தத்தில் அளவு குறையும் என்று சொல்லி மருத்துவர் இரண்டு முறை மாத்திரையைக் கூட்டினார். பிரசவத்துக்குப் பிறகு குறைத்தார். ஒவ்வொரு மாற்றமும் கடையின் அந்தக் கை எழுத்து அட்டையில் ஏறியது. பழையது கோடு போட்டு அடிக்கப்பட்டது, தேதியோடு. இந்த ஆண்டு பேத்தி பிறந்தாள், நல்லபடியாக. நள்ளிரவுப் பால் வேளைகளில் ஒன்றை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார், மகள் ஆறு மணி நேரமாவது தொடர்ந்து தூங்க வேண்டும் என்பதற்காக. காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும்போது அருகில் ஒருவர் இல்லாமல் அவள் தண்ணீரைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டிலும் அவள் வீட்டிலும் குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது; வெளியே ஒரு துண்டு தொங்கினால் உள்ளே ஆள் என்று பொருள். இதையெல்லாம் அவளிடம் படித்துக் காட்டி, அவள் சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

போகிறவர்கள் பழைய அட்டையையும், உள்ளே போகும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் கொண்டுபோங்கள். மாலை ஐந்து முதல் ஆறு வரை கூட்டம் குறைவு. பொங்கலுக்குக் கடை மூன்று நாள் மூடியிருக்கும். போகிக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.